கையால் சுற்றும் சூரியன்–பூமி மாதிரி: பல்பைப் பார்க்காதீர்கள், அச்சைப் பாருங்கள்

அறிவியல் சாமான் கடையில் 'சூரியன்–பூமி–நிலா மாடல்' என்று கேட்டால் எடுத்து வைப்பார்கள். நடுவில் மஞ்சள் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு பல்பு. அதிலிருந்து நீளும் கையின் நுனியில் சாய்ந்த குளோப். அதை ஒட்டி ஒரு குட்டி நிலா. அடியில் மாதமும் தேதியும் அச்சடித்த வட்டத் தட்டு. பருவங்கள் ஏன் மாறுகின்றன என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்கப் பள்ளிகளும் பெற்றோரும் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த மாதிரி செய்கின்றன. அதனால் இங்கே பேசுவது ஒரு பிராண்டைப் பற்றியல்ல, இந்த வகைக் கருவியைப் பற்றி. கணக்குக்கு எடுத்துக்கொண்ட அளவு: குளோப் 10 செ.மீ. விட்டம், பல்புக்கும் குளோப்பின் மையத்துக்கும் 25 செ.மீ.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்து வாங்கலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு: கையை எங்கே சுற்றினாலும் குளோப்பின் அச்சு ஒரே திசையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அது நிற்காவிட்டால் இந்தப் பொருள் அழகான ராத்திரி விளக்கு, அவ்வளவுதான்.

பூமியின் அச்சு, அது சுற்றிவரும் தளத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு வருஷம் முழுக்க வானத்தில் துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கமே நோக்கியிருப்பதால், ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்தும் டிசம்பரில் விலகியும் அமைகிறது. வெயில் நேராக விழுவதும் சரிந்து விழுவதும், பகல் நீள்வதும் குறுகுவதும் இதனால்தான். இதை மாதிரியில் காட்ட, நடுத்தண்டில் ஒரு கப்பி, குளோப்புக்கு அடியில் அதே அளவில் இன்னொரு கப்பி, இரண்டையும் இணைத்து ஒரு ரப்பர் பெல்ட் போட்டிருப்பார்கள். நடுக்கப்பி அடித்தட்டோடு சேர்ந்து அசையாமல் நிற்கும். கை சுற்றும்போது பெல்ட், குளோப்பைக் கைக்கு எதிர்த்திசையில் அதே அளவு திருப்பிவிடும். பெருமாள் தேர் நான்கு மாட வீதி சுற்றினாலும் சாமி கிழக்கேயே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படி.

தவறு நடப்பதும் இங்கேதான். மூன்று விதமாக நடக்கும். நடுக்கப்பியைத் தண்டோடு பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்துவிட்டால் கப்பியும் கையோடு சேர்ந்து சுற்றும். ஜூன் நிலையில் அப்படி ஆனால் வடதுருவம் எப்போதும் பல்பைப் பார்த்தே சாய்ந்திருக்கும். வடக்கே பன்னிரண்டு மாதமும் கோடை, தெற்கே பன்னிரண்டு மாதமும் குளிர். பருவம் மாறுவதைக் காட்ட வாங்கிய கருவி பருவமே மாறாத ஒரு உலகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். இரண்டாவது, கப்பிகளின் அளவு பிசகுவது. ஒன்று 50 மி.மீ., மற்றது 49 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு அச்சு 7 டிகிரி விலகும். பன்னிரண்டு பதின்மூன்று சுற்றில் கால் வட்டம் நகர்ந்து, தட்டில் ஜூன் என்று எழுதிய இடத்தில் மார்ச் நடக்கும். மூன்றாவது, பெல்ட் வழுக்குவது. நம்மூர் வெயிலில் ரப்பர் தொய்ந்துவிடும். எண்ணெய்க் கை பட்டாலும் போச்சு. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும். பவுடர் தூவினால் இன்னும் வழுக்கும்.

பெல்ட்டுக்குப் பதில் பற்சக்கரம் வைத்த வகையும் உண்டு. நடுவில் அசையாத சக்கரம், இடையில் ஒரு சக்கரம், குளோப்புக்கு அடியில் நடுச்சக்கரத்துக்குச் சமமான பல் எண்ணிக்கை கொண்ட சக்கரம். இடைச்சக்கரம் எந்த அளவில் இருந்தாலும் பரவாயில்லை, முதலும் கடைசியும் சமமாக இருந்தால் போதும். வழுக்காது, ஆனால் பல் தாவும். 36 பல் சக்கரத்தில் ஒரு பல் தாவினால் 10 டிகிரி போச்சு. பிளாஸ்டிக் பல் என்றால் முரட்டுப் பிள்ளைகள் கையில் ஒரு வருஷத்துக்குள் தாவ ஆரம்பிக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வகுப்புக்குப் பற்சக்கரம், வீட்டுக்கு பெல்ட். பெல்ட் போனால் அதே சுற்றளவில் 'ஓ' ரிங் ஒன்று ஹார்டுவேர் கடையில் கிடைத்துவிடும். பற்சக்கரம் போனால் கம்பெனிக்காரரைத் தேட வேண்டும்.

கடையிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனை இது. கையை ஜூன் 21க்குக் கொண்டுபோங்கள். குளோப்பின் வடதுருவம் பல்பின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அது எந்த ஜன்னலை, எந்தத் தூணைக் காட்டுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மெல்ல டிசம்பர் 21க்குச் சுற்றுங்கள். வடதுருவம் அதே ஜன்னலைக் காட்ட வேண்டும், ஆனால் இப்போது பல்புக்கு முதுகு காட்டிக்கொண்டு. பிறகு பத்துச் சுற்று தொடர்ந்து சுற்றி மறுபடி ஜூன் 21இல் நிறுத்துங்கள். ஜன்னலை விட்டு ஐந்து டிகிரிக்குமேல் விலகியிருந்தால் வேறு பீஸ் கேளுங்கள். எல்லாம் இரண்டு நிமிஷம்தான். கடைக்காரர் பல்பு எரிகிறதா என்று மட்டும் போட்டுக் காட்டிப் பெட்டியை மூடப் பார்ப்பார், விடாதீர்கள்.

சுற்றும் திசையையும் சொல்ல வேண்டும். நமக்குக் கோயிலைச் சுற்றிப் பழகிய கை. தானாக வலமாகச் சுற்றிவிடுவோம். பூமி போவது இடமாக, மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். தலைகீழாகச் சுற்றினால் ஏப்ரலுக்குப் பிறகு மார்ச் வரும்.

அடித்தட்டைப் பொறுத்தவரை ஒரே கேள்வி: பாதை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவமா? முட்டை வடிவத்தில் பாதை போட்ட மாதிரியைக் காசு கொடுக்காமல் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பூமியின் பாதை நீள்வட்டம்தான், ஆனால் அதை 30 செ.மீ. அகலத்தில் வரைந்தால் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.04 மி.மீ. ஒரு மயிரிழைகூட இல்லை. சூரியன் மட்டும் நடுவிலிருந்து 2.5 மி.மீ. தள்ளி இருக்கும். முட்டைப் பாதையைப் பார்த்த பிள்ளை, 'கிட்டே வந்தால் கோடை, தள்ளிப் போனால் குளிர்' என்று ஒரு தடவை முடிவு கட்டிவிட்டால் அதைப் பிடுங்கி எறிவது பெரும்பாடு. உண்மை நேர் எதிர். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி 3 வாக்கில், சுமார் 14.71 கோடி கி.மீ. மிகத் தொலைவில் போவது ஜூலை 4 வாக்கில், 15.21 கோடி கி.மீ. அதாவது நாம் போர்வைக்குள் சுருண்டிருக்கும் மார்கழி நடுவில்தான் சூரியன் பக்கத்தில் இருக்கிறது.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் கருவியே தேவையில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்து எண்ணுங்கள். ஆனி 31 அல்லது 32 நாள். மார்கழி 29 அல்லது 30. தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுக்கும் காலம், அதாவது பூமி 30 டிகிரி நகர எடுக்கும் காலம். அருகில் இருக்கும்போது பூமி நொடிக்கு 30.3 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, மாதம் சீக்கிரம் முடிகிறது. தொலைவில் 29.3 கி.மீ., மாதம் இழுக்கிறது. மாதிரியில் கையை ஒரே சீராகச் சுற்றுவதால் இது தெரியாது. பஞ்சாங்கம் காட்டுவதைக் கருவி காட்டவில்லை.

அடுத்தது விளக்கு. எல்.இ.டி. வந்தபிறகு மூன்று பென்சில் பேட்டரியில் ஓடுகிறது, சூடாவதில்லை, நல்லது. பழைய குண்டு பல்பு வைத்தவை பிளாஸ்டிக் மூடியை இளக வைத்துவிடும். ஆனால் வெளிச்சம் போதுமா என்பதைவிட அது எப்படிப் பரவுகிறது என்பதுதான் பிரச்சினை. நிஜச் சூரியன் அத்தனை தொலைவில் இருப்பதால் ஒளி இணையாக வந்து பூமியின் சரிபாதியை நனைக்கிறது. (இந்த 10 செ.மீ. குளோப்பின் கணக்கில் சூரியன் பதினோரு மீட்டர் விட்டத்தில் 1.2 கி.மீ. தள்ளி இருக்க வேண்டும். அடுத்த தெருவில் ஒரு நாலு மாடிக் கட்டடம்.) இங்கேயோ 25 செ.மீ. தூரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம். அது குளோப்பில் பாதிக்கும் குறைவான பகுதியைத்தான் தொடும். சுற்றிலும் 11.5 டிகிரி இருட்டில் போய்விடும்.

விளைவைச் சென்னை இருக்கும் அட்சரேகையில் கணக்கிட்டால் சிரிப்பு வரும். ஜூன் 21 அன்று சென்னையில் பகல் 12 மணி 53 நிமிஷம். கருவியில் 11 மணி 3 நிமிஷம். டிசம்பர் 21இல் நிஜத்தில் 11 மணி 22 நிமிஷம், கருவியில் ஒன்பதரை. கோடையிலும் பகல் பன்னிரண்டு மணிக்குக் குறைவு! 'இரவும் பகலும் சமம்' என்று தட்டில் அச்சடித்திருக்கும் மார்ச் 21லும் சமமாக வராது. நள்ளிரவுச் சூரியன் 66.5 டிகிரியில் தொடங்காமல் 78இல் தொடங்கும். நுணுக்கமாகப் பார்க்கும் ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் ஆசிரியர் திணறுவார்.

சரிசெய்வது சுலபம். குளோப்பின் விட்டத்துக்குச் சமமாக, 10 செ.மீ.க்கு, பால்வெள்ளை நிறப் பிளாஸ்டிக் உருண்டை ஒன்றை எல்.இ.டி. மேல் கவிழ்த்துவிடுங்கள். ஒளி தரும் உருண்டையும் ஒளி வாங்கும் உருண்டையும் ஒரே அளவு என்றால் வெளிச்சம் சரிபாதியைத் தொடும். பிங்பாங் பந்து போதாது, அது 4 செ.மீ.தான், பிழையை 7 டிகிரிக்குக் குறைக்கும், அவ்வளவே. பெரிய உருண்டை போட்டால் ஒன்று இழக்க வேண்டும்: பகல்–இரவு விளிம்பு மங்கலாகும், குண்டூசி நிழல் கலங்கும். எனவே பகல் நீளம் அளக்க உருண்டையோடு, நிழல் பார்க்க உருண்டை இல்லாமல் என்று இரண்டு விதமாகவும் வைத்துக்கொள்வது நல்லது. எதுவானாலும் அறை இருட்டாக இருக்க வேண்டும். ட்யூப் லைட் எரியும் வகுப்பில் இதைச் சுற்றுவது வீண்.

பகல் நீளம் அளக்க: வடதுருவத்தில் 24 கோடு போட்ட சிறு பேப்பர் வட்டத்தைக் குளோப்போடு சேர்ந்து சுழலாதபடி தண்டில் செருகுங்கள். சென்னையில் ஒரு ஸ்கெட்ச் புள்ளி வையுங்கள். குளோப்பைக் கையால் மெல்ல உருட்டி, புள்ளி வெளிச்சத்துக்கு வரும் இடத்தையும் மறையும் இடத்தையும் கோட்டில் படியுங்கள். குளோப் தானாகச் சுழலும் மாதிரிகளைவிடக் கையால் உருட்டும் மாதிரி இதற்குத் தேவலை. நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

குண்டூசிச் சோதனைதான் இந்தக் கருவியின் உச்சம். ஆனால் குளோப்பில் ஒரு டிகிரி என்பது 0.87 மி.மீ. கன்னியாகுமரி முதல் சென்னை வரை ஐந்து மி.மீ.க்குள் அடங்கிவிடும். எனவே ஒரே ஊசி போதும், பெவிகாலால் சென்னையில் நிமிர்த்தி ஒட்டுங்கள். மேற்பரப்புக்கு மேலே 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். டிசம்பரில் நிழல் வடக்கே நீளமாக விழும். மாசி, பங்குனி என்று சுருங்கிவந்து ஏப்ரல் 24 வாக்கில் ஊசியின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அதன் பிறகு, இதுதான் பலர் எதிர்பார்க்காதது, நிழல் தெற்கே விழத் தொடங்கும். ஜூன் 21 வரை தெற்கே வளர்ந்து, திரும்பிக் குறைந்து, ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி காணாமல் போகும். நிழலில்லா நாள் வருஷத்துக்கு இரண்டு. மதுரைக்கு ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டம்பர் 1ஐ ஒட்டியும். டெல்லிக்கு ஒன்றுகூட இல்லை, அது கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது.

நிழலின் நீளத்தை மட்டும் கருவியில் நம்பாதீர்கள். டிசம்பரில் 5 மி.மீ. ஊசிக்கு ஏறக்குறைய 3.7 மி.மீ. நிழல் விழ வேண்டும், விளக்கு பக்கத்தில் இருப்பதால் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே நீளும். நீளம் வேண்டுமென்றால் மொட்டைமாடியில் ஒரு மீட்டர் குச்சி நடுங்கள். சென்னையில் உச்சிவேளை நிழல் டிசம்பர் 21இல் 74 செ.மீ. வடக்கே, மார்ச் 21இல் 23 செ.மீ. வடக்கே, ஜூன் 21இல் 18 செ.மீ. தெற்கே. உச்சிவேளை என்பது மணி பன்னிரண்டு அல்ல. சென்னையில் டிசம்பர் 21இல் அது 12.07க்கு, ஜூன் 21இல் 12.11க்கு. குச்சி நூல்குண்டு பிடித்து நிறுத்தியதாக இருக்க வேண்டும், ஒரு டிகிரி சாய்ந்தாலே நிழல் 2 செ.மீ. பொய் சொல்லும்.

இனி அடித்தட்டில் அச்சடித்திருக்கும் பருவங்களுக்கு வருவோம். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்கு. லண்டனுக்குச் சரி. நம்மூரில் இலை உதிர்வது மாசி பங்குனியில், அதுவும் புதுக்கொழுந்து கூடவே வரும். இந்தத் தட்டை வைத்து 'இப்போது என்ன பருவம்' என்று கேட்டால் பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு நம்மைப் பார்க்கும். ஒரு பேப்பர் வளையம் வெட்டி, சித்திரை 1ஐ ஏப்ரல் 14க்கு நேராக வைத்துப் பன்னிரண்டு தமிழ் மாதத்தையும் எழுதி, நம் ஆறு பெரும்பொழுதையும் குறித்துத் தட்டின் மேல் ஒட்டிவிடுங்கள். அப்போதுதான் கருவி எதை விளக்குகிறது, எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்று தெரியும்.

முன்பனிக்கும் பின்பனிக்கும் அது நன்றாகவே பதில் சொல்கிறது. மார்கழி தையில் மதிய வெயில் சென்னையில் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஒரே அளவு வெளிச்சம் அதிக நிலத்தில் பரவ வேண்டியிருப்பதால் ஜூனைவிட உச்சிவேளைச் சூடு ஆறில் ஒரு பங்குக்குமேல் குறைவு. இரவும் நீளம். மழை ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டதால் மண் தன் சூட்டை இரவில் விட்டுவிடும், ஈரக்காற்று குளிர்ந்து பனியாக இறங்கும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்வது வெறும் மோனைக்காக இல்லை. பகல் நீளத் தொடங்கி இரண்டு மாதம் ஆனபின்னும் விடியற்காலைக் குளிர் விடாது. இன்னொரு விஷயம், சென்னையில் சூரியன் மிகத் தாமதமாக எழுவது மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21இல் இல்லை. ஜனவரி 20 வாக்கில். மிகச் சீக்கிரம் விழுவது நவம்பர் 20 வாக்கில். இதைக் கருவி காட்டாது.

வேனிலுக்குப் பாதி பதில். சூரியன் தலைக்கு நேரே வருவது ஏப்ரல் 24இல், கத்திரி தொடங்குவது மே 4இல், சென்னை உச்சச் சூட்டைத் தொடுவது பெரும்பாலும் மே கடைசியில். இடையில் ஏன் இத்தனை நாள்? அடுப்பை ஏற்றியவுடன் கல் சூடாகிவிடாது. நிலம் வாங்குகிற சூடு விடுகிற சூட்டைவிட அதிகமாக இருக்கும்வரை வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அதோடு, மே கடைசியில் மேற்குக் காற்று பிடித்துவிடும். அது மலை தாண்டி ஈரத்தை இழந்து வறண்டு வந்து, மதியம் வரவேண்டிய கடல்காற்றைத் தள்ளி நிறுத்தும். இந்தக் காற்றுதான் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து ஆடியில் அம்மியைப் பறக்கவிடுகிறது. ஆனி, ஆடியில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, பகல் மிக நீளம், ஆனாலும் கத்திரியின் உக்கிரம் இல்லை. ஊசி நிழலைப் பார்த்துக் கோடையை எடைபோட்டால் இங்கே கணக்குத் தப்பும்.

கார்காலத்துக்கும் கூதிர்காலத்துக்கும் கருவி முழு ஊமை. ஆவணி, புரட்டாசியில் அது காட்டுவது இரண்டாம் நிழலில்லா நாள் மட்டும். அதனால் புரட்டாசிப் பழமொழியில் 'பொன்னுருகக் காயும்' என்பது விளங்கிவிடும், 'மண்ணுருகப் பெய்யும்' விளங்காது. மழைக்குச் சூரியன் முதல் காரணம்தான். ஜூனில் வெளிச்சம் கடகரேகைமேல் நேராக விழுந்து வட இந்திய நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேற, கடல்காற்று ஈரத்தோடு உள்ளே இழுக்கப்படுகிறது. கேரளத்தில் ஜூன் 1ஐ ஒட்டித் தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. அக்டோபரில் நிலம் குளிர்ந்து காற்று திசை திரும்பி, வங்கக்கடலைக் கடந்து வடகிழக்கிலிருந்து நம் கரையைத் தொடுகிறது. வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டி. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியும், சென்னையின் மழையில் பத்தில் ஆறு பங்கும் ஐப்பசி தொடங்கி மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடுகிறது. வால்பாறை ஜூலையில் நனைய, அதே ஜூலையில் ராமநாதபுரம் ஏன் காய்கிறது? நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. இந்த குளோப்பில் ஆனைமுடியின் உயரம் 0.02 மி.மீ. மேலே பூசிய மையின் தடிமன்கூட வராது. நம் மழையைத் தீர்மானிக்கும் மலை கருவியில் இல்லவே இல்லை என்பதைச் சொல்லித்தான் இதை வகுப்பில் வைக்க வேண்டும். பக்கத்தில் மலைகள் புடைத்துத் தெரியும் இந்திய வரைபடம் ஒன்றை மாட்டிவிட்டால் பாதி வேலை முடியும். அதன்மேல் இரண்டு காற்றுக்கும் இரண்டு நிறத்தில் அம்புக்குறி ஒட்டுங்கள்.

நிலாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கை தட்டையாக இருப்பதால் ஒவ்வொரு பௌர்ணமியும் கிரகணமாகும். நிஜத்தில் நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்தது. பருவப் பாடத்தின்போது நிலாவைக் கழற்றி வைத்துவிடலாம், ஊசி நிழலுக்கு இடைஞ்சல்.

மிச்சம் இருப்பது அந்த நடுக்கப்பி ஸ்க்ரூ. தளர்ந்தால் தொல்லை என்று சொன்னோமே, அதையே வேண்டுமென்று தளர்த்தி ஒரு வேலை செய்யலாம். சித்திரை வைகாசியை இளவேனில் என்று சொன்னவர்களுக்கு வெயில் உறைக்கவில்லையா என்று பலர் கேட்பதுண்டு. பூமியின் அச்சு ஒரே திசையை நோக்கியிருக்கிறது என்பது நம் ஆயுளுக்குச் சரி. நீண்ட காலத்தில் அது தள்ளாடும் பம்பரம்போல 26,000 ஆண்டுக்கு ஒரு வட்டம் போடுகிறது. நம் மாதங்கள் நட்சத்திரங்களோடு கட்டப்பட்டவை, பருவங்கள் அச்சோடு கட்டப்பட்டவை. அதனால் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் பிரிந்துகொண்டே போகின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சித்திரை 1, இரவும் பகலும் சமமாகும் நாளில் பிறந்தது. இன்று அந்த நாள் பங்குனி 7இலேயே வந்துவிடுகிறது. உத்தராயணம் தையில் தொடங்குவதாக நாம் கொண்டாடினாலும் சூரியன் வடக்கே திரும்புவது மார்கழி முதல் வாரத்தில் என்பதும் இதனால்தான். அன்றைய சித்திரை நமது மார்ச் 21இலிருந்து ஏப்ரல் 20 வரையான வெயில், அன்றைய வைகாசி மே 21 வாக்கில் முடிந்துவிடும். இளவேனில் என்ற பெயர் அப்போது இப்போதைவிட நன்றாகப் பொருந்தியிருக்கும்.

கருவியில் இதைக் காட்ட, ஸ்க்ரூவைத் தளர்த்தி, நடுக்கப்பியை மேலிருந்து பார்க்க இடப்புறமாக 24 டிகிரி திருப்பி இறுக்குங்கள். கோணமானி இல்லாவிட்டால் அடித்தட்டில் 24 நாள் என்று எண்ணினால் சரியாக இருக்கும். குளோப்பும் அதே அளவு திரும்பும். இப்போது ஒட்டிய தமிழ் மாத வளையத்தை மட்டும் பார்த்துக் கையைச் சுற்றுங்கள். வடதுருவம் பல்பை நேராகப் பார்ப்பது ஆனி தொடக்கத்துக்குப் பதில் ஆடி முதல் நாளில் வரும். தட்டில் அச்சடித்த ஆங்கிலத் தேதிகள் இந்த ஆட்டத்துக்குச் செல்லாது, துணி போட்டு மூடிவிடுங்கள்.

முடிந்ததும் கப்பியைப் பழைய இடத்துக்குத் திருப்பி இறுக்கி, ஜன்னல் சோதனையை இன்னொரு தடவை செய்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து எடுப்பவர் 1,700 ஆண்டுக்கு முந்தைய பூமியை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கப் போகிறார்.